ஆணவமும் ஆதாயமும்

சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று பல நூற்றாண்டுகள் உலகம் நம்பிற்று. பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று கோபர்நிகஸ் 1543-ல் வெளியான தம் நூலில் சொன்ன பிறகும், சூரியன் ஒரு விநாடி முந்தியோ பிந்தியோ உதிக்கவில்லை. ஜடப்பொருளைப் பற்றி நாம் கொள்ளும் கொள்கை சரியாயினும் பிழையாயினும், அந்தப் பொருள் அதைச் செவிமடுப்பதில்லை. தன் போக்கில் தான் இயங்கிக்கொண்டிருக்கிறது. மனிதனைப் பற்றி மனிதன் செய்கிற சாஸ்திரமும் அத்தகையதுதானா, அல்லது, தன்னைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்டு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவல்ல ஒன்றைப் பற்றிய சாஸ்திரமாகையால், அது தன் விஷயத்தை விளக்குவதாக எண்ணிக்கொண்டே அந்த விஷயத்தை ஆக்கியும் விடுகிறதா என்ற கேள்வி, ஒரு வேதாந்த மடத்திலோ சித்தாந்த சபையிலோ எழுந்திருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். அது எழுந்ததோ வர்த்தக நிர்வாகம் கற்பிக்கும் கலாசாலைகளின் நடுவே. எழுப்பியவரோ கம்பெனிகளின் அமைப்பையும் போட்டி வியூகங்களையும் ஆராய்வதிலேயே பெயர்பெற்ற ஒரு பேராசிரியர்.

சுமந்த்ர கோஷல் 1948-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பௌதிகம் படித்து, இந்தியன் ஆயில் நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்து, முப்பது வயதைக் கடந்த பின்னர் அமெரிக்கா சென்று, எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு டாக்டர் பட்டங்களைப் பெற்றார். ஒரு பட்டத்துக்கே ஆயுளில் பாதியைச் செலவிடுவோர் நிறைந்த உலகில் இது சற்றுப் பொறாமை கொள்ளத்தக்க காரியமே. பிரான்சில் ஃபான்டன்புளோ வனத்தை அடுத்துள்ள இன்சியாட் கல்லூரியிலும், பின்னர் லண்டன் பிஸினஸ் ஸ்கூலிலும் ஆசிரியராயிருந்தார். ஹைதராபாத்தில் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிஸினஸ் ஏற்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2004 மார்ச்சில், 55-ஆம் வயதில், திடீரென்று காலமானார். கெட்ட நிர்வாகக் கொள்கைகள் நல்ல நிர்வாகப் பழக்கத்தை அழித்துக்கொண்டிருக்கின்றன என்பதையே தலைப்பாகக் கொண்ட அவருடைய கட்டுரை மறு வருஷம் அச்சேறிற்று. அதில் அவர் சொன்னதன் சாரம் இது: பெரிய கம்பெனிகளில் நிகழ்ந்த மோசடிகளுக்குச் சில தனிமனிதர்களின் பேராசையைக் காரணம் காட்டிவிட்டு, இனி மாணவர்களுக்கு ஒழுக்கவியலில் ஒரு பாடம் சேர்ப்போம் என்று கலாசாலைகள் கூறுவது பொருந்தாது, மற்றப் பாடங்களிலெல்லாம் மனிதன் சுயநலமே உருவானவன் என்று முப்பது ஆண்டுகளாகக் கற்பித்தவர்கள் அவர்களே, ஆகவே புதிதாக எதையும் செய்வதற்கு முன், இப்போது செய்துகொண்டிருப்பதில் பலவற்றை நிறுத்தினால் போதும்.

அப்படி என்னதான் கற்பித்தார்கள் என்பதைச் சிறிது பார்க்கவேண்டும். 1970-ல் மில்டன் ஃபிரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வியாபாரத்துக்கு உள்ள சமூகப் பொறுப்பு, வஞ்சகமின்றி, ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு, தன் லாபத்தைப் பெருக்குவதே என்று வாதித்தார். வஞ்சகமின்றி என்ற அந்த நிபந்தனையைப் பின்னால் வந்தவர்கள் அவ்வளவாக நினைவு கூர்வதில்லை என்பது வேறு விஷயம். ஆறு ஆண்டுகள் கழித்து, ரோசெஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கேல் ஜென்சன், வில்லியம் மெக்லிங் என்னும் இருவர், நிதியியலில் இன்றளவும் இடைவிடாது மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பங்குதாரன் முதலாளி, நிர்வாகி அவனுடைய காரியஸ்தன், காரியஸ்தனுடைய நலமும் முதலாளியுடைய நலமும் ஒன்றல்லவாகையால், கண்காணிப்பாலும் ஊக்கத்தொகையாலும் அவனைக் கட்டாவிட்டால் அவன் தன் நலத்தையே பார்ப்பான், இந்தக் கட்டுக்காவலுக்காகும் செலவும், அதையும் மீறி ஒழுகிப்போகும் நஷ்டமும் எவ்வளவு என்று கணிப்பதே கம்பெனியைப் பற்றிய சாஸ்திரத்தின் வேலை. இது அவர்கள் கொள்கையின் ஒரு பாதி. மறு பாதி இன்னும் துணிவானது. கம்பெனி என்று தனியே ஒரு பொருளே கிடையாது. பலருடைய ஒப்பந்தங்கள் வந்து கூடும் முடிச்சுக்குச் சட்டம் இட்ட கற்பிதப் பெயர் அது. கோதுமைச் சந்தைக்கு மனச்சாட்சி உண்டா என்று யாரும் கேட்பதில்லையே, கம்பெனிக்கு மட்டும் பொறுப்பு உண்டா என்று கேட்பானேன்?

இந்த இரண்டாவது பாதியைப் படிக்கும்போது பௌத்தரின் வாதம் நம் நினைவுக்கு வராமற் போகாது. சக்கரம், அச்சு, நுகம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டி, இவற்றுள் தேர் எது என்று நாகசேனர் மிலிந்த மன்னனை வினவியதும், ஐந்து ஸ்கந்தங்களின் சேர்க்கையையன்றி ஆன்மா என்று ஒன்றில்லை என்று நிறுவியதும் இதே தர்க்கத்தால்தான். ஆயினும் பயன் எவ்வளவு மாறிவிட்டது! பௌத்தர் ஆன்மாவை மறுத்தது, ‘நான்’, ‘எனது’ என்னும் பற்றுக்கு நிற்க இடமில்லாமற் செய்வதற்காக. ரோசெஸ்டர் பண்டிதர்களோ முழுமையின் ஆன்மாவை மாத்திரம் மறுத்து, அதன் உறுப்புக்களாகிய மனிதர்களிடம் அந்தப் பற்றை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். அதையே அவர்களுடைய ஸ்வபாவமென்றும் வகுத்தார்கள். பாதி வழியில் நின்றுவிட்ட பௌத்தம் என்று இதைச் சொல்லலாம். பாதி மருந்து சில வேளைகளில் நோயை வளர்ப்பதுண்டு.

இவர்களுக்கு முன்பு வேறொரு எண்ணம் இல்லாமற் போகவில்லை. 1930-களின் தொடக்கத்தில் அடால்ஃப் பெர்லி, மெரிக் டாட் என்னும் இரு சட்ட அறிஞர்கள் ஹார்வர்டு சட்ட சஞ்சிகையில் நடத்திய வாதம் பிரசித்தமானது. கம்பெனி நடத்துவோருடைய அதிகாரங்கள் பங்குதாரருக்காக ஒப்படைக்கப்பட்டவை என்றார் பெர்லி. பங்குதாரருக்கு மட்டுமா, தொழிலாளிக்கும் பொதுமக்களுக்கும் அவர்கள் தருமகர்த்தர்கள் அல்லரா என்று கேட்டார் டாட். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1954-ல், அந்த வாதம் டாட் பக்கமே தீர்ந்துவிட்டதாகப் பெர்லியே ஒப்புக்கொண்டார். இவ்விருவரும் எதில் மாறுபட்டிருந்தாலும், நிர்வாகியைத் தருமகர்த்தனாகவே கண்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். காந்தியடிகள் பொருளுடையார்க்கு உபதேசித்த தருமகர்த்தா முறையும் அதே காலத்தது. தருமகர்த்தன் தவறலாம்; கோயில் நிலத்தைத் தன் மைத்துனன் பெயருக்கு மாற்றிய தருமகர்த்தர்களை நம் கிராமங்கள் நன்றாகவே அறியும். ஆனால் தவறும்போது அவன் எதிலிருந்து தவறினான் என்பதைச் சொல்ல நம்மிடம் ஓர் அளவுகோல் இருந்தது. காரியஸ்தனாகிவிட்டவனுக்கோ அந்த அளவுகோலே இல்லை. பிடிபட்டால் அவன் தவறியதாக ஆகாது, கட்டு தளர்ந்திருந்ததாகவே ஆகும்.

இக்கொள்கைகளை வகுத்தவர்கள் மனிதனை வெறுத்தவர்கள் அல்லர். இதை நியாயத்தின் பொருட்டுச் சொல்லியாகவேண்டும். 1953-லேயே ஃபிரீட்மன் அவர்களுக்கு ஒரு சமாதானத்தைத் தந்திருந்தார். சாஸ்திரத்தின் ஆதாரமாகக் கொள்ளும் அநுமானம் உண்மையாயிருக்க வேண்டியதில்லை. மனிதன் அப்படிப்பட்டவன் ‘போல’ வைத்துக்கொண்டு கணக்கிட்டால், முடிவு பிரத்தியட்சத்தோடு ஒத்துவருகிறதா என்பதே கேள்வி, என்பது அவர் வாதம். நம் வேதாந்திகளுக்கும் இந்த உபாயம் புதிதன்று. அத்தியாரோபம் என்று ஒன்றை அவர்கள் செய்கிறார்கள். இல்லாததை இருப்பதுபோல் பொருளின்மீது வேண்டுமென்றே ஏற்றி, அதன் வழியாக மாணவனை ஒரு படி நடத்திச் செல்கிறார்கள். ஆனால் அவர்களிடத்தில் அதற்கு அடுத்தபடியாக அபவாதம் என்ற மற்றொன்றும் உண்டு. ஏற்றியதை அந்த ஆசிரியனே இறக்கிவிட வேண்டும், இறக்காதவன் ஆசிரியனாகான். நிர்வாகக் கலாசாலைகளில் அத்தியாரோபம் முதல் பருவத்திலேயே நடந்துவிடுகிறது. அபவாதத்துக்கு இரண்டு ஆண்டுப் பாடத்திட்டத்தில் எந்தப் பருவத்திலும் இடம் ஒதுக்கப்படவில்லை. மாணவன் ‘போல’ என்பதை வகுப்பறையிலேயே மறந்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு உத்தியோகத்துக்குப் போகிறான்.

போனவன் மாறித்தான் போகிறானா? இதற்குச் சோதனைகள் உண்டு. கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் ஃபிராங்கும் அவருடைய நண்பர்கள் இருவரும் 1993-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இருவர் பரஸ்பரம் நம்பினால் இருவருக்கும் நலமும், ஒருவரை மற்றவர் ஏமாற்றினால் ஏமாற்றியவருக்கு அதிக லாபமும் கிடைக்கும் ஓர் ஆட்டத்தை மாணவர்களிடம் நடத்திப் பார்த்தார்கள். பொருளாதாரம் படித்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 60 பேர் ஏமாற்றினார்கள். மற்றத் துறையினரில் அப்படிச் செய்தவர்கள் 100-க்கு 39 பேர்தாம். இதைவிட என் மனத்தை ஈர்த்தது வேறொரு சோதனை. 2004-ல் வெளிவந்த அதில், வார்டா லிபர்மன், ஸ்டீவன் சாமுவெல்ஸ், லீ ராஸ் என்போர் ஆட்டத்தை ஒரு புள்ளியும் மாற்றாமல் அதன் பெயரை மட்டும் மாற்றினார்கள். சிலரிடம் அது ‘சமூக ஆட்டம்’ என்று அறிமுகப்படுத்தப்பட்டது. வேறு சிலரிடம் ‘வால் ஸ்ட்ரீட் ஆட்டம்’ என்று. முதல் பெயரைக் கேட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துழைத்தார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே ஒத்துழைத்தார்கள். ஆட்டத்துக்கு முன்னதாகவே, இவன் நல்லவன், நிச்சயம் ஒத்துழைப்பான் என்றும், இவன் ஏமாற்றுவான் என்றும், அம்மாணவர்களை நன்கறிந்தவர்களைக்கொண்டு பொறுக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சான்றிதழ்களால் எந்தப் பயனும் ஏற்படவில்லை. ஆளைக் காட்டிலும் ஆட்டத்தின் பெயர் வலிதாயிருந்தது!

இஸ்ரேலிலுள்ள ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் நிகழ்ந்ததும் பலர் அறிந்ததே. மாலையில் குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டித்தது. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் இருந்த இடத்தில், காசு கொடுத்து வாங்கிய நேரம் இது என்ற தைரியம் வந்து உட்கார்ந்துகொண்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் அந்தக் கூச்சம் திரும்பி வரவில்லை என்பதுதான் யூரி நீசியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் 2000-ல் வெளியிட்ட இந்த ஆராய்ச்சியில் மிகவும் யோசிக்க வைக்கும் பகுதி.

ஆனால் எதிர்ப்பக்கத்துச் சான்றை மறைப்பது நேர்மையாகாது. ஸூரிக் சர்வகலாசாலையில் மாணவர்கள் ஒவ்வொரு பருவமும் ஏழை மாணவர் நிதிக்கு இஷ்டப்பட்டால் கொடுக்கலாம் என்றிருந்த ஏற்பாட்டை ஆராய்ந்து, புரூனோ ஃபிரேயும் ஸ்டெஃபான் மையரும் 2003-ல் ஒரு முடிவு சொன்னார்கள். வர்த்தகப் படிப்பில் சேர்ந்தவர்கள் குறைவாகக் கொடுத்தது உண்மையே. ஆனால் முதல் வகுப்பில் வந்து உட்காருமுன்பே அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். படிப்பு அவர்களைக் கெடுக்கவில்லை, கொடுக்கும் மனம் குறைந்தவர்களே அந்தப் படிப்பைத் தேடி வந்தார்கள். அப்படியானால் கோஷல் கூறியது பிழையா? சுயநலம் பிறவியிலேயே உள்ளதா, கற்பித்து வருவதா?

இவ்விடத்தில்தான் சைவ சித்தாந்தத்தின் உதவியை நாடத் தோன்றுகிறது. நம் நாட்டுப் பெருமையை நிலைநாட்டவேண்டும் என்ற ஆசையால் அன்று. எதையெடுத்தாலும் அது அன்றே நம் முன்னோரால் சொல்லப்பட்டது என்று தொடங்கும் கட்டுரைகளில் எனக்குப் பிரியம் குறைவு. இந்தக் குறிப்பிட்ட சிக்கலை, அதாவது ஒரு குற்றம் அநாதியாக உடன் இருந்தும் அது உடையவனின் ஸ்வபாவம் ஆகாமலிருக்க முடியுமா என்பதை, மெய்கண்டார் மரபைப்போல் விடாமல் துருவிய மற்றொரு தரிசனத்தை நான் அறியேன். ‘நான்’, ‘எனது’ என்னும் பற்றுக்கு வேராகிய ஆணவ மலம் ஆன்மாவை என்றைக்கோ வந்து பற்றியதன்று. ஆன்மா உள்ள அன்றே அதுவும் உண்டு. செம்பு உள்ள அன்றே களிம்பும் அதனோடு உள்ளது. எனினும் களிம்பு செம்பன்று, ரசவாதத்தால் களிம்பு நீங்கியபோது செம்பு அழிவதுமில்லை. நிதியியல் பண்டிதர்கள் செய்த பிழை, மனிதனிடம் சுயநலம் உண்டு என்று கண்டதில் இல்லை. அதைக் காணாதவனுக்குத்தான் கண்ணில்லை. களிம்பை அளந்து, எடைபோட்டு, அதன் குணங்களையெல்லாம் நுட்பமாக வகுத்துவிட்டு, செம்பைப் பற்றிய சாஸ்திரம் முடிந்தது என்று அவர்கள் நூலை மூடியதுதான் பிழை.

மெய்கண்டாரின் சிவஞான போதத்தின் ஏழாம் சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆன்மா சத்துமன்று, அசத்துமன்று, சதசத்து. சத்தோடு கூடியபோது சத்தாகவும், அசத்தோடு கூடியபோது அசத்தாகவும் நிற்பது அதன் இயல்பு. சார்ந்ததன் வண்ணமாதல் என்று இதையே மரபில் வழங்குவர். இதை ஏற்றுக்கொண்டால், மனிதன் சுயநலக்காரன் என்ற வாக்கியம் உண்மையா பொய்யா என்று கேட்பதே சரியான கேள்வியாகாது. எதைச் சார்ந்து நிற்கும் மனிதன் என்று முதலில் கேட்கவேண்டும். ஸூரிக் மாணவன் வரும்போதே களிம்போடு வந்தான் என்பதும், ஆட்டத்தின் பெயரை மாற்றியபோது மாணவர்களின் நடத்தை மாறிற்று என்பதும் ஒன்றோடொன்று முரணுவதாகத் தோன்றியது, மனிதனுக்கு ஒரே இயல்புதான் இருக்கவேண்டும் என்று நாம் எடுத்துக்கொண்டதனால்தான். இரண்டும் உண்மையாயிருக்க இத்தரிசனத்தில் இடம் உண்டு. அதோடு, ஒரு சாஸ்திரமும் ஒரு சார்பே என்பதும் இதிலிருந்து பெறப்படும். இருபத்திரண்டு வயதில், வாழ்க்கையில் எதைப் பற்றிக்கொள்வது என்று தேடிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, நீ இத்தகையவன் என்று கணித சூத்திரங்களோடு சொல்லப்படும் வார்த்தை, அவன் சேர்ந்து பழகும் நண்பர்களைவிடவும் வலிய சார்பு.

கோஷல் இதைத் தமக்கே உரிய முறையில் மேடைகளில் சொல்லிவந்தார். கோடையில் கல்கத்தாவின் நடுநகரத்துக்குப் பெற்றோரைப் பார்க்கப் போனால், வெப்பமும் புழுக்கமும் தாங்காமல் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடப்பதாகவும், வசந்தத்தில் ஃபான்டன்புளோ வனத்தில் உலாவப் புகுந்தால் ஓடவும் துள்ளவும் தோன்றுவதாகவும் கூறி, ஆள் ஒருவனே, இடத்தின் வாசனைதான் வேறு என்பார். பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்காகக் கட்டடத்துக்குள் கல்கத்தாக் கோடையைச் சமைத்து வைத்துவிட்டு, அவர்கள் சோம்பேறிகள் என்று கண்டுபிடிக்கின்றன என்பது அவர் ஏளனம். அந்த நகரத்திலே பிறந்தவராகையால் இதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நாம் சொன்னால் வங்காளிகள் சண்டைக்கு வருவார்கள்.

ஆணவத்துக்கு மற்றொரு லட்சணம் சொல்லப்படுகிறது. அது தான் பற்றியவனுக்குத் தன்னைக் காட்டுவதில்லை. இதற்கு விளக்கம்போல அமைந்தது அருணந்தி சிவாசாரியாரைப் பற்றிய வரலாறு. சகலாகம பண்டிதர் என்று பேர்பெற்ற அவர், தம் மாணாக்கர்களில் பலர் திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறு பிள்ளையிடம் பாடம் கேட்கப் போய்விட்டார்கள் என்றறிந்து கோபத்தோடு அங்கே சென்றார். அந்தப் பிள்ளையாகிய மெய்கண்டார் அப்போது ஆணவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆணவத்தின் சொரூபம் யாது என்று பண்டிதர் நின்றபடியே வினவ, பிள்ளை வாயால் விடை கூறாமல், நின்றவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை பார்த்தார் என்பது வரலாறு. பண்டிதருக்கு விளங்கிவிட்டது, குருவாயிருந்தவர் சீடரானார்.

காரியஸ்தன் கொள்கையை வகுத்த ஆராய்ச்சிகளில் இந்தப் பார்வைக்கு இடமே இல்லை. நிர்வாகி தன்னலம் நாடுவான், அவனைக் கண்காணிக்கும் டைரக்டர்களும் தன்னலம் நாடலாம், தணிக்கையாளனும் அப்படியே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், அந்த வரிசையின் கடைசியில் தம்மை நிறுத்திக்கொள்வதில்லை. அவருடைய சாஸ்திரம் உண்மையானால், அந்தச் சாஸ்திரத்தையும் தமக்கு எது லாபமோ அதைக் கருதியே அவர் எழுதியிருக்கவேண்டும். நாம் அதை நம்பக் காரணம் இல்லை. உண்மையை நாடியே எழுதினார் என்றால், உலகத்தில் ஆதாயத்தை நாடாமல் ஒரு காரியத்தைச் செய்த மனிதன் ஒருவனாவது இருக்கிறான் என்றாகிறது; சாஸ்திரம் அவ்வளவுக்குப் பொய்த்தது. ஜென்சனை இங்கே குறைகூறுவது என் கருத்தன்று. சொல்லப்போனால், அவர் உண்மையை நாடியவர் என்றே நான் எண்ணுகிறேன். அதற்குச் சான்று பின்னால் வரும்.

சுயநலக் கொள்கை வேண்டாம், நம்பிக்கை ஒன்றே போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாமா? அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. காரணம், முதலாளிக்கும் தூரதேசத்துக் காரியஸ்தனுக்கும் இடையே உள்ள உறவைப் புத்தகங்களிலிருந்து அறியாமல் அநுபவத்தில் அறிந்திருந்த ஒரு சமூகம் நம்மிடையே இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஆள் அனுப்பியபோது, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு, சம்பளம் பேசி, லாபத்தில் ஒரு பங்கும் கொடுப்பதாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆக, ஊக்கத்தொகையின் பயனை அவர்கள் அறியாதவர்களல்லர். அதோடு, அனுப்பப்பட்டவன் உறவுக்காரன், அல்லது உறவுக்காரனுக்குத் தெரிந்தவன். கடல் கடந்த ஊரிலும் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டி, அதைச் சுற்றியே சமூகத்தின் காரியங்களை நடத்தினார்கள். நாணயம் கெட்டவனுக்கு அடுத்த தவணை மட்டுமன்று, செட்டிநாட்டில் பெண் கிடைப்பதும் அரிதாயிருந்திருக்கும். கட்டு, பங்கு, பக்தி மூன்றும் கலந்த ஒரு சார்பு அது. பத்திரத்தைவிட வாய்ச்சொல்லுக்கு மதிப்பிருந்த அந்த உலகத்தைப் புகழாதார் இல்லை.

ஆனால் அந்த நாணயத்தின் எல்லை எதுவரை? 1930-க்குப் பின் நெல்விலை வீழ்ந்து, பர்மியக் குடியானவர்கள் கடனைத் திருப்ப முடியாதபோது, ஈடுகாட்டிய நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காயிருந்து, 1938-க்குள் சுமார் 25 பங்காயிற்று. நிலத்தை விரும்பி அவர்கள் லேவாதேவி செய்யவில்லை என்பதும், ரொக்கத்தையே விரும்பினார்கள் என்பதும் உண்மை. எனினும், காரியஸ்தன் முதலாளிக்கு ஒரு காசும் குறையாமல் கணக்குக் கொடுத்த உத்தமமான உறவு, தன் வட்டத்துக்கு வெளியே நின்ற உழவனை எவ்விதத்திலும் காக்கவில்லை. கோஷலின் வாதத்தில் நான் காணும் குறை இதுவே. கம்பெனிக்குள்ளே நம்பிக்கை தழைத்தால் எல்லாம் நலமாகும் என்பதுபோல் அவர் சில இடங்களில் எழுதுகிறார். ‘நான்’ என்பது விரிந்து ‘நாங்கள்’ ஆவது ஆணவம் தேய்ந்ததற்கு அடையாளமா, அல்லது அதுவே பெரிய உடம்பு எடுத்துக்கொண்டதா என்பதை வெளியே நிற்பவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

இனி ஜென்சனிடம் திரும்புவோம். ஹார்வர்டுக்கு வந்த பின், கெவின் மர்ஃபி என்பவரோடு சேர்ந்து 1990-ல் அவர் வெளியிட்ட கணக்கு ஒன்று மிகுந்த செல்வாக்குப் பெற்றது. அமெரிக்கப் பெருங்கம்பெனிகளில் பங்குதாரரின் செல்வம் 1000 டாலர் கூடினால், தலைமை நிர்வாகியின் செல்வம் 3 டாலர் 25 சென்ட்தான் கூடுகிறது. இவ்வளவு அற்பமான ஆதாயத்துக்கு எவன் உயிரைக் கொடுத்து உழைப்பான், என்பது அதன் தாத்பரியம். அடுத்த பத்தாண்டுகளில் பங்குரிமைகள் நிர்வாகிகளுக்கு வாரி வழங்கப்பட்டன. சம்பளம் பங்கின் விலையோடு கட்டப்பட்டதும், சிலர் கம்பெனியை உயர்த்துவதைவிடப் பங்கின் விலையை உயர்த்துவது எளிது என்று கண்டுகொண்டார்கள். ஊழியர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டுத் தரம் பிரித்து, கடைசியில் நின்றவர்களை வெளியேற்றிய என்ரான் கம்பெனி, கணக்கிலே மறைத்த கடன்களோடு 2001 டிசம்பரில் திவாலாயிற்று; அதை உச்சிக்கு நடத்திச் சென்ற ஜெஃப்ரி ஸ்கில்லிங் ஹார்வர்டின் நிர்வாகப் பட்டதாரி. ஒரு கட்டுரையால் ஒரு மோசடி விளைந்தது என்று நான் கூறவில்லை. காரணகாரியம் அவ்வளவு நேர்கோட்டில் ஓடுவதில்லை. அந்தக் காலத்து வரிச் சட்டமும் பங்குச் சந்தையின் வெறியும் கூடவே இருந்தன. ஆனால் மனிதனுக்கு எது பொருத்தமான சார்பு என்று ஒரு சாஸ்திரம் விதித்தது; அந்தச் சார்பு கொடுக்கப்பட்டது; அதன் வண்ணம் வந்தது.

அதைக் கண்ணால் கண்டவர்களில் ஜென்சனும் ஒருவர். 2005-ல் வெளியான ஒரு கட்டுரையில், தகுதிக்கு மேல் விலையேறிய பங்கை நிர்வாகிகளுக்கு ஊட்டப்பட்ட ஹெராயின் என்றே அவர் வர்ணித்தார். அதற்குப்பின் தம் முதுமையின் பெரும்பகுதியை வாக்குத் தவறாமையைப் பற்றிய ஆராய்ச்சியில் செலவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பதும் உற்பத்திக்கு ஒரு சாதனமே என்று நிறுவ முயன்றார். பழைய சகாக்களில் சிலருக்கு இந்தத் திருப்பம் விநோதமாகப்பட்டது. எனக்கோ, அந்த முயற்சியிலும் பழைய பழக்கம் முற்றும் விடவில்லை என்பதே விநோதம்; வாய்மையும்கூட லாபம் தரும் என்று காட்டினாலன்றி அதைச் சிபாரிசு செய்ய அவரால் முடியவில்லை. இருந்தாலும், தான் எழுதிய சாஸ்திரத்தின் பலனைத் தானே பார்த்து மனம் திரும்பும் ஆசிரியர்கள் எந்தத் துறையிலும் அதிகம் பேரில்லை. அவர் 2024-ல் காலமானார்.

அமெரிக்காவின் பெருங்கம்பெனித் தலைவர்களின் சங்கமாகிய பிஸினஸ் ரவுண்ட்டேபிள், பங்குதாரர் நலமே நிர்வாகத்தின் தலையாய கடமை என்று 1997-ல் அறிக்கை விட்டிருந்தது. 2019 ஆகஸ்டில் அதே சங்கம், வாடிக்கையாளர், ஊழியர், சரக்குத் தருவோர், சுற்றியுள்ள சமூகம், பங்குதாரர் ஆகிய எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று புதியதோர் அறிக்கை வெளியிட்டது. 181 தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அரை நூற்றாண்டுக் கொள்கை ஒழிந்தது என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சேர்ந்த லூசியன் பெப்சக், ராபர்ட்டோ தல்லரீட்டா என்னும் இருவர் அதோடு விடவில்லை. கம்பெனியின் நோக்கத்தையே மாற்றும் இவ்வளவு பெரிய தீர்மானத்தை உங்கள் டைரக்டர்கள் சபை அங்கீகரித்ததா என்று கையெழுத்திட்ட கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் அளித்தவை 48 கம்பெனிகள். அவற்றுள் சபையின் அங்கீகாரம் பெற்றது ஒன்றே ஒன்று. ஓர் ஆலையை வாங்குவதற்கும் சபையின் அநுமதியை நாடும் தலைவர்கள், இதற்கு நாடவில்லை. அலட்சியத்தால் அப்படிச் செய்தார்கள் என்று தோன்றவில்லை. இந்த அறிக்கையால் தங்கள் கம்பெனியின் நடத்தையில் எதுவும் மாறவேண்டியிருக்கும் என்று அவர்கள் கருதவேயில்லை என்பதுதான் அந்த ஆராய்ச்சியாளர்கள் கண்ட விளக்கம். வாக்கு மாறிற்று, அவர்களுடைய சம்பளம் கட்டப்பட்டிருந்த இடம் அப்படியே இருந்தது.